படகுக்காரன் அழைப்பை ஏற்ற டாக்டர் தஹானி

டாக்டர் தஹானி கரம் தன்னிடமிருந்தே திருடிவிட்டார் என்று பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தது மனிதர்கூட இல்லை, திருட்டுப் பிடிக்கவென்று வாங்கிப்போட்ட ஒரு கணினி நிரல். பேராசிரியர் பதவிக்காக அவர் கொடுத்த கட்டுரைகளை உள்ளே செலுத்தியதும், சிவப்பு எழுத்தில் நூற்றுக்கு அறுபத்தொன்று என்று துப்பியது. அந்த அறுபத்தொன்றும் எங்கிருந்து எடுத்தது? துறைத் தலைவர் டாக்டர் ஷௌக்கத் ருஸ்தும் எழுதிய 'எகிப்தியரின் கை' என்ற நூலிலிருந்து. ஷௌக்கத்துக்கு அது எங்கிருந்து வந்தது? நிரலுக்கு அப்படிக் கேட்கத் தெரியாது. பதவி உயர்வுக் குழுவுக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

குற்றம் நிலைத்தால் பதவி உயர்வு மட்டுமல்ல, வேலையே போகும். பெயருக்குப் பின்னால் 'திருடி' என்று ஒட்டிக்கொள்ளும். ஐம்பத்து நான்கு வயதில், இருபத்தாறு வருட ஆய்வுக்குக் கிடைக்கப்போகும் பட்டம் அதுதான்.

எகிப்தில், நைல் டெல்டாவின் ஒரு சந்தையூரில் பிறந்தவர் தஹானி. அப்பா கரம், ஏழு பேர் ஏறும் வாடகைக் கார் ஓட்டினார். முன் இருக்கைக்கு நடக்கும் உபசாரத்தைப் பார்த்துத்தான் தஹானி வளர்ந்தார். "நீங்க ஏறுங்க ஹாஜி", "இல்லையில்லை, நீங்கதான்", "சத்தியமா நீங்கதான்" என்று இரண்டு பேர் கையை விரித்து விரித்து உருகுவார்கள். உருகிக்கொண்டிருக்கும்போதே ஒருவர் உள்ளே உட்கார்ந்திருப்பார். எப்போதும் அதிகம் உருகியவர்தான். வாய் ஒன்று சொல்ல, கை அதற்கு ஒத்து ஊத, உடம்பு மட்டும் தன் காரியத்தைப் பார்க்கிறதே, இது எப்படி என்று பத்து வயதில் கேட்ட கேள்வியை அவர் கடைசிவரை விடவில்லை.

முதுகலைக்கு இந்தத் தலைப்பைச் சொன்னபோது வழிகாட்டி சிரித்தார். "கையாட்டுறதுக்கெல்லாம் பட்டமா? என் அத்தைகூடத்தான் கையாட்டுறாங்க."

"ஆட்டுவாங்க டாக்டர். ஏன் ஆட்டுறாங்கன்னு அவங்களுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

இந்தப் பதிலுக்கு விலை இரண்டு வருடத் தாமதம். பத்திரிகைத் தலையங்கங்களின் தாக்கம் என்று எதையாவது எழுதியிருந்தால், தாக்கமும் இருந்திருக்காது, தாமதமும் இருந்திருக்காது.

கல்யாண வீடுகளில் படம் எடுப்பவரிடம் பழைய ஒளிப்பதிவுக் கருவி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தஹானி வீதிக்குப் போனார். ரொட்டிக்கடை வாசல், ஆற்றைக் கடக்கும் படகுத்துறை, நீதிமன்றப் படிக்கட்டு, துக்க வீட்டுப் பந்தல், எங்கும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் தேடினார். அழைப்பு. நடு ஆற்றில் போகிற படகுக்காரன் சட்டியில் மீன் கொதிக்க, கரையில் நிற்பவனைப் பார்த்து "வாங்க, சாப்பிடலாம்!" என்று கூவுவான். கரையில் இருப்பவன் நீந்தி வரமாட்டான் என்பது இருவருக்கும் தெரியும். அதனால்தான் நாம் ஒப்புக்குக் கூப்பிடுவதற்கெல்லாம் படகுக்காரன் அழைப்பு என்று பெயர் வைத்திருக்கிறோம். அழைப்பு மெய்யா, படகுக்காரனுடையதா என்பது கேட்பவனுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் தெரிந்துவிடுகிறது. எதை வைத்து?

ஆயிரத்து நூற்று நாற்பது அழைப்புகளை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார் தஹானி. கை எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தான் விரிந்தது. கை பொய் சொல்லப் பழகியது. கால் பழகவில்லை. கூப்பிடுகிறவன் பாதம் உங்கள் பக்கம் திரும்பி நின்றால் சோறு நிச்சயம். அவன் போகிற திசையிலேயே இருந்தால், மார்பில் கை வைத்து "ஆண்டவன் உங்களைக் காக்கட்டும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான். இதற்கு முன் எல்லாரும் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து பார்த்தவர் தஹானி.

குனிந்து பார்த்ததற்குப் பரிசும் கிடைத்தது. படகுத்துறையில் படம் எடுத்தார் என்று காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

"என்னம்மா படம் எடுத்தீங்க?"

"கால், பாஷா." அதிகாரி யாரானாலும் நமக்குப் பாஷாதான்.

"யாரு கால்?"

"எல்லாரு காலும்."

அதிகாரி இரண்டு மணி நேரம் நாடாவை ஓட்டிப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததையெல்லாம் பதிவேட்டில் எழுதிவைப்பது அவர்கள் வழக்கம். நாடாவின் எண், தேதி, எடுத்தவர் பெயர், தகப்பன் பெயர், 'பொருள்: மக்களின் கால்கள்' என்று விலாவாரியாக எழுதி முத்திரை குத்தி, ஒரு நகலும் கொடுத்து அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர் ஷௌக்கத். வெளிநாட்டில் வாங்கிய பட்டத்தோடும், வெளிநாட்டில் வாங்கிய கழுத்துப்பட்டையோடும் வந்து துறைத் தலைவர் ஆனார். தஹானி எழுதி முடித்திருந்த கைப்பிரதியையும் படங்களையும் கேட்டார். பெண் டாக்டரை நாம் 'டாக்டரா' என்றுதான் கூப்பிடுவோம். "ஒரு வாரம் குடுங்க டாக்டரா. படிச்சுட்டு ரெண்டு வரி கருத்துச் சொல்றேன்."

அந்த ஒரு வாரம் பதினோரு மாதம் நீண்டது. பதினோராம் மாதம் ஒரு மாணவி சந்தேகம் கேட்க வந்தாள், கையில் புத்தம்புதுப் புத்தகம். "டாக்டரா, இந்தப் படகுக்காரன் அத்தியாயம் பரீட்சைக்கு உண்டா?" தஹானி புரட்டினார். தன் வாக்கியங்கள், தன் பட்டியல்கள், ஏன், தன் எழுத்துப்பிழை ஒன்றுகூட அப்படியே இருந்தது. கருத்துச் சொல்வதாகச் சொன்ன அந்த இரண்டு வரி முன்னுரையில் இருந்தது: 'தட்டச்சுக்கு உதவிய தஹானிக்கு நன்றி.'

திருடினாலும் வெட்கத்தோடு திருடுகிறவன் உண்டு. இவர் அதைப் பாடநூலாக்கினார். புத்தகத்தை வாங்கி, அதன் கடைசித் தாளைக் கிழித்துப் பெயர் எழுதிக் கொடுக்காத மாணவருக்குச் செயல்முறை மதிப்பெண் கிடையாது என்று அறிவித்தார். ஆண்டுக்கு எண்ணூறு பிள்ளைகள், தஹானியின் புத்தகத்தை வாங்கி ஷௌக்கத்தின் பெயரைப் படித்தார்கள்.

எதிர் அறைத் தோழி டாக்டர் லவாஹிஸ் ஆறுதல் சொல்ல வந்தார். ஐந்து விரலையும் குவித்து மேலும் கீழும் ஆட்டினார். "பொறுமையா இருடி. ரெண்டு வருஷத்துல ரிட்டையர் ஆயிடுவார். யானையோட சண்டை எதுக்கு?"

"அந்த விரலை இறக்கு. அந்த 'பொறு'வைப் பத்தி மட்டும் நாப்பது பக்கம் எழுதியிருக்கேன்."

"யாரு பேர்ல?"

தஹானிக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை. அப்புறம் இரண்டையும் விழுங்கிக்கொண்டு பதவி உயர்வுக்கு விண்ணப்பம் போட்டார். அதன் பலன்தான் அந்த அறுபத்தொன்று.

விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, அதுதான் நம் ஊர் அழகு, 'எகிப்தியரின் கை' நூலுக்குக் கல்லூரி அரங்கில் பாராட்டு விழா வைத்தார்கள். முன்வரிசையில் பதவி உயர்வுக் குழுத் தலைவர் டாக்டர் அப்துல் முக்னி. நான்காம் வரிசையில் தஹானி. மேடையில் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஷௌக்கத். முந்நூறு பேர்.

தஹானியைக் கண்டதும் ஷௌக்கத்துக்குப் பெருந்தன்மை பொங்கிவிட்டது. விசாரணையில் இருக்கும் பெண்ணிடம் பரிவு காட்டினால் பார்ப்பவர் மெச்சுவார்கள் அல்லவா?

"அட, டாக்டரா தஹானி அங்க உக்காரலாமா? இது உங்க இடம்! வாங்க, இந்த நாற்காலியில உக்காருங்க. நீங்க பேசுங்க, நான் கேக்குறேன். சத்தியமா!"

கை அகலமாக விரிந்தது. பாதம் இரண்டும் ஒலிபெருக்கியைப் பார்த்தே இருந்தன.

அடுத்து நடக்க வேண்டியது அரங்கில் எல்லாருக்கும் தெரியும். அந்த அம்மாள் அரையளவு எழுந்து, மார்பில் கை வைத்து, "ஆண்டவன் உங்களைக் காக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டும். கைதட்டல் விழும். தஹானி முழுதாக எழுந்தார். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். மேடைப் படியில் ஏறினார்.

படகுக்காரன் கூவிய கூவலுக்குக் கரையில் நின்றவன் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு மெய்யாகவே தண்ணீரில் இறங்கினால் கூவினவன் முகம் எப்படிப் போகும்? ஷௌக்கத்தின் முகம் அப்படிப் போனது. ஆனால் சபை நடுவே கூப்பிட்டுவிட்டுப் பின்வாங்கினவனைக் கஞ்சன் என்று அவன் பேரன் காலம்வரை பேசும் ஊர் இது. வேறு வழியில்லாமல் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். "மர்ஹபா, மர்ஹபா…" என்று வரவேற்றார். தஹானி உட்கார்ந்தார். மேடையில் வேறு நாற்காலி இல்லை. ஷௌக்கத் நின்றார்.

"துறைத் தலைவர் சத்தியம் வேற பண்ணிட்டார். தட்டினா மரியாதையில்ல" என்றார் தஹானி. பின்வரிசை மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "ரகப், ஏழாவது படத்தைப் போடுப்பா."

படம் ஓட்டும் ரகப் திரையில் போட்டான். ரொட்டிக்கடை வாசலில் இரண்டு பேர், நீங்க முன்னே, நீங்க முன்னே என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த ரெண்டு பேரும் நெருங்கின நண்பர்கள்னு நூத்திப் பன்னெண்டாம் பக்கத்துல எழுதியிருக்கீங்க டாக்டர். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அது… அந்தக் கை விரியுற விதத்தைப் பாத்தா…"

"என் கைப்பிரதியில இந்தப் படத்துக்கு மட்டும் நான் விளக்கம் எழுதல. அதனால நீங்களா எழுதவேண்டியதாப் போச்சு. இவர் கறிக்கடை பயூமி. அவர் இவரோட மச்சான். மூணு மாசமா பேச்சுவார்த்தை கிடையாது. காலைப் பாருங்க, ஆளுக்கொரு திசை."

அப்துல் முக்னி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விழா என்று வந்தவருக்கு விசாரணை வாய்த்துவிட்டது. "ஷௌக்கத், இந்தப் படத்தை எடுத்தது யாரு?"

"துறை எடுத்தது டாக்டர்."

"துறைக்கு ஏது கண்ணு?" தஹானியின் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "இந்த நாடாவுக்காகக் காவல் நிலையத்துல ரெண்டு மணி நேரம் உக்காந்தது துறையில்ல, நான்! அன்னிக்கு இவர் இந்த நாட்டுலயே இல்ல." கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் தாளை எடுத்து நீட்டினார். நாடா எண், தேதி, எடுத்தவர் பெயர், தகப்பன் பெயர். இருபத்தாறு ஆண்டுகளில் அவருடைய ஆய்வுக்கு அவர் பெயரையே போட்ட ஒரே நிறுவனம் காவல் நிலையம்தான்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. குற்றச்சாட்டு கைவிடப்பட்டதாம். 'இரு நூல்களிடையே காணப்படும் ஒற்றுமை தற்செயலானது.' பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு அழைத்தார்கள். தஹானி படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"போடுங்க டாக்டரா" என்றார் எழுத்தர் மதாம் இன்ஆம். "வீட்டுல முலுகியா கீரையை ஆய்ஞ்சு வச்சிட்டு வந்திருக்கேன். வதங்கிடும்."

"அறுபத்தோரு சதவீதம் தற்செயலா? என் எழுத்துப்பிழை தற்செயலா அங்க போய்ப் படுத்துக்கிச்சா? யாரோடதுன்னு எழுதச் சொல்லுங்க. அதுவரைக்கும் இந்த நாற்காலிதான்."

"வேலைதான் தப்பிச்சிடுச்சே. இன்னும் என்ன வேணும் உங்களுக்கு?"

"என் பேரு."

மதாம் இன்ஆம் மேலதிகாரி அறைக்குள் போனார், வந்தார். 'தற்செயல்' போய், 'கூட்டு முயற்சி' வந்திருந்தது. தஹானி தாளைத் திருப்பித் தள்ளினார். மறுபடி போனார். கதவுக்குப் பின்னால் யாரோ கத்தினார்கள். வெளியே எல்லா அறையும் பூட்டியாகிவிட்டது. நாலரை மணிக்கு மூன்றாவது தாள் வந்தது: 'மேற்படி ஆய்வும் அதன் முடிவுகளும் டாக்டர் தஹானி கரமுக்கே உரியவை.' கீழே அரசாங்கத்தின் கழுகு முத்திரை. திருடியவருக்கு ஒரு சொல் கண்டனம் இல்லை. அவர் இன்னும் தலைவர்தான், புத்தகம் இன்னும் வாசலில் விற்கிறது. தஹானி கையெழுத்துப் போட்டார்.

"பேராசிரியர் பதவி?"

"அதுக்குப் புதுசா விண்ணப்பிக்கணும் டாக்டரா. விசாரணை இழுத்ததுல உங்க கட்டுரைங்களுக்கு அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு, இனி செல்லாது."

இழுத்தவர்களும் அவர்கள், காலம் தாண்டிவிட்டது என்பவர்களும் அவர்கள். தஹானி படிவத்தை வாங்கி அங்கேயே நிரப்பினார். 'வெளியான நூல்கள்' என்ற கட்டத்தில் எழுதினார்: எகிப்தியரின் கை. 'ஆசிரியர்' என்ற கட்டத்தில்: தஹானி கரம்.

மதாம் இன்ஆம் திடுக்கிட்டார். "இது ஷௌக்கத் டாக்டரோட புத்தகமாச்சே!"

"நீங்க குடுத்த கடிதத்தைப் படிங்க."

மதாம் உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். ஒருமுறை மூடிய கதவைப் பார்த்தார். பிறகு கடிதத்தைப் படிவத்தோடு வைத்து ஊசி குத்தி, வரவு முத்திரையைத் தூக்கி ஓங்கி ஒரு குத்துக் குத்தினார்.