ஒற்றை விசில்

நான்கு வருடத்துக்கு முன்பு நடந்தது. சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். அன்று கூட்டத்தில் டிக்கெட் கிழித்துக்கொண்டே, பின்படியைப் பார்க்காமல் இரண்டு விசில் கொடுத்துவிட்டேன். இறங்கிக்கொண்டிருந்த ஒரு கல்லூரிப் பெண் ரோட்டில் விழுந்தாள். கால் முறிந்தது. உயிர் பிழைத்ததே பெரிது.

சில மாதத்தில் அவள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான்தான் எழவில்லை. காலை ஷிப்டு முடிந்து மதியம் கண்ணை மூடினால் அதே கனவு. அவள் விழுகிறாள், நான் விசிலை ஊதுகிறேன், வெறும் காற்றுதான் வருகிறது. தூங்கவே பயந்து, கடைசியில் டூட்டிக்கும் போக முடியாமல் லீவு போட்டேன். என்னோடு அதே பஸ்ஸில் ஓடிய டிரைவர், "தாயத்து கட்டு மச்சான், சரியாப் பூடும்" என்றான். கட்டினேன். கனவில் என் கையில் தாயத்தும் சேர்ந்து வந்ததுதான் மிச்சம்.

மனைவி என்னைக் கடலூரில் ஒரு மனநல டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனாள். கனவின் முடிவை மாற்றி எழுதி, தினமும் விழித்திருக்கும்போது படித்து மனதில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார் அவர். எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டு போனேன்: அன்றைக்கு எனக்கு லீவு, நான் பஸ்ஸிலேயே இல்லை.

படித்துவிட்டு, "சரிங்க, அப்போ அந்த பஸ்ல யாரு விசில் அடிக்கிறது?" என்று கேட்டார்.

வெட்கமாகப் போய்விட்டது. வீட்டுக்கு வந்து முதலிலிருந்து எழுதினேன். திரும்பிப் பார்க்கிறேன். ஒரே விசில். வண்டி நிற்கிறது. நானே இறங்கி அவளுக்குக் கை கொடுக்கிறேன். இதை விடுவதில்லை என்று தினமும் சாயங்காலம் தோட்டத்தில் நின்று படித்தேன். நிஜ விசிலையே ஊதினேன். பக்கத்து வீட்டுக்காரர், "ஒத்த விசிலாவே அடிக்கிறீங்களே, வண்டிய எப்பதான் கெளப்புவீங்க?" என்று கிண்டல் செய்வார்.

ஐந்தாறு வாரம் போயிருக்கும். ஒரு மதியம் மனைவி உலுக்கி எழுப்பினாள். "ஏங்க, தூக்கத்துல உதட்டக் குவிச்சு ஊதுறீங்க" என்றாள். கோபம் கோபமாக வந்தது. கனவில் விசில் சத்தம் கேட்டு பஸ் நின்றிருந்தது, இவள் எழுப்பாவிட்டால் நான் இறங்கியிருப்பேன். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

அடுத்த மாதம் டூட்டியில் சேர்ந்தேன். கனவு இன்னமும் எப்போதாவது வரும், வரட்டும். இறங்குகிறவர் கால் தரையில் பட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டு விசில் கொடுக்கிறேன். அந்த பஸ்ஸில் விசில் அடித்தது யார் என்று இன்று யார் கேட்டாலும், நான்தான் என்று தலைகுனியாமல் சொல்ல முடிகிறது.