வெளிக்காற்றுக்கு ஒரு அடுப்பு

மெல்போர்னில் எங்கள் பக்கத்து வீட்டு லிண்டா முற்றத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு கேஸ் அடுப்பு நிறுத்தி வைத்திருக்கிறாள். சமைக்க அல்ல. சாயங்காலம் வெளியே உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது குளிராமல் இருக்கவாம். மேலே கூரை கிடையாது, சுற்றிச் சுவர் கிடையாது. வீட்டைச் சூடாக்குவது எனக்குப் புரியும். வெளிக்காற்றைச் சூடாக்குகிற ஆட்களை இந்த வயதில்தான் பார்க்கிறேன்.

இங்கே ஆனி மாதம் குளிர்காலம். எங்கள் தென்காசிப் பக்கம் அது சாரல் காலம். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று சில்லென்று திரும்பி, குற்றாலத்து மலை உச்சியில் மேகம் இறங்கிவிட்டால் வேறு யோசனையே கிடையாது, கார் பருவச் சாகுபடிக்கு விதைநெல்லை நனையப் போட்டுவிடுவோம். அம்மா அப்படித்தான் போட்டாள், நானும் அப்படித்தான் போட்டேன். அந்தக் காற்று எங்களை ஏமாற்றினதில்லை.

ஆய்க்குடியில் என் தங்கை செல்லம்மா, புருஷனை இழந்தவள், குத்தகை வயலில் பாடுபடுகிறாள். போன அறுப்பில் வரக்கூடாத காலத்தில் மழை கொட்டி, கதிர் வயலிலேயே முளைத்துப்போனது. இந்த வருஷம் காற்றை நம்பி விதை நனைத்தாள். சாரல் தலையைக் காட்டிவிட்டுப் போய்விட்டது. சித்திரை வெயில் ஆனியில் காய்ந்தது. நாற்று கருகி, நாற்றங்கால் பாளம் பாளமாக வெடித்தது. மிச்சம் அரை மூட்டை விதை. அதுவும் போனால் குத்தகையை விட வேண்டியதுதான்.

செல்லம்மா போனில் அனுப்பிய, வெடித்த நாற்றங்கால் படத்தை லிண்டாவிடம் காட்டினேன். "ப்யூட்டிஃபுல். பானை செய்கிற மண்ணா?" என்றாள். என் மகன் விளக்கியதும் முகம் வாடிவிட்டது. நல்ல மனுஷிதான். ஆனாலும் கேட்டாள், உங்கள் தங்கையும் உங்களைப் போல கிளம்பி வந்துவிடலாமே என்று.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏலே, அவகிட்ட சொல்லு. இப்படி எரிச்சு எரிச்சுத்தான் எங்க காத்து கெட்டுப்போச்சு. கெடுத்தவங்க இங்கன சொகமா இருக்காங்க. வெறகடுப்புக்கு மேல எதையும் எரிக்காதவ ஊரைவிட்டு ஓடணுமோ?"

அவன் இங்கிலீஷில் ஏதோ சொன்னான். லிண்டா சிரித்துத் தலையாட்டினாள்.

"என்னலே சொன்னே?"

"ஒனக்குக் குளிருதுன்னு சொன்னேம்மா."

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. வெளிநாடு வந்த நாம் எல்லாரும் அந்தச் சூட்டில்தான் வாய்மூடி உட்கார்ந்திருக்கிறோம்.

மறுநாள் சாயங்காலம் செல்லம்மா பேசினாள். "எக்கா, காத்து திரும்பியிருக்கு. மலையில மேகம் கெடக்கு."

"அப்ப நனையப் போடு, ஏட்டி."

"எதைப் போட? மிச்ச வெதையை நேத்தே அவிச்சுட்டேன். இந்தக் காத்தை நம்புததுக்கு வயித்தை நம்பலாம். சோறு ருசியாத்தான் இருக்கு" என்று சிரித்தாள்.

அவித்த நெல் முளைக்காது. பட்டினி கிடந்த காலத்திலும் எங்கள் வீட்டில் விதைநெல் கொட்டி வைக்கிற குலுக்கைப் பக்கம் ஒரு கை போனதில்லை.

போனை வைத்துவிட்டு முற்றத்துக்கு வந்தேன். மகன் சொன்ன பொய்யை நம்பி, லிண்டா தன் அடுப்பை வேலியோரம் எங்கள் பக்கமாக நகர்த்தி வைத்திருந்தாள். ஒரு கன்னம் காந்தியது. மறு கன்னத்தில் காற்று சில்லென்று அடித்தது, விதை நனையப் போடச் சொல்கிற அதே காற்று மாதிரி.