திருத்துற பேனாவும் நடுங்குற கையும்

வாத்தியார் வேலையில் பாடம் நடத்துவது சுலபம். நடத்தியது மண்டையில் ஏறியதா என்று பார்ப்பதுதான் கஷ்டம். சாக்பீஸ் பிடித்த கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாசிப்புத் தேர்வு

ஏலாக்குறிச்சிப் பக்கம் ஏழாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு அதிகாரி வந்தார். பிள்ளைகளுக்கு வாசிக்கத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். வகுப்பை ஒரு நோட்டம் விட்டு, ஆரோக்கியமேரியை எழுப்பினார். எனக்குப் பகீரென்றது. நன்றாகப் படிக்கிற பிள்ளைதான், ஆனால் திக்குவாய்.

முதல் எழுத்திலேயே நின்றுவிட்டாள். உதடு துடிக்கிறது, சத்தம் வரவில்லை. பின்பெஞ்சில் ஒருவன் சிரிப்பை அடக்கினான். அதிகாரியின் விரல் டேப்லெட் மேல் போனது. “திக்குவாய்ங்க சார்” என்றேன். எல்லா ஊரிலும் ஏதாவது ஒரு காரணம் சொல்கிறார்கள் என்றார். சேர்ந்து வாசித்தால் அவளுக்குத் திக்காது. அதனால் பக்கத்தில் இருந்த வனிதாவைக் கூட வாசிக்கச் சொன்னேன். அதிகாரிக்கு முகம் சுருங்கியது, ஆனாலும் தடுக்கவில்லை.

இரண்டு குரலும் ஒன்றாகக் கிளம்பின. பத்தி முடியும்வரை ஒரு இடத்திலும் திக்கவில்லை. முடிந்ததும் அதிகாரி டேப்லெட்டை மூடிவிட்டு என்னிடம் சொன்னார்: “கடைசி ரெண்டு வரிக்கு அந்தப் பக்கத்துப் பொண்ணு வாயே தெறக்கலைங்க.”

பிள்ளைகளே திருத்துவது

பிறகு லப்பைக்குடிக்காட்டுப் பக்கம் மாறுதல். ஒன்பதாம் வகுப்பில் விடையைப் போர்டில் எழுதிவிட்டு, தாளை மாற்றித் திருத்தச் சொல்லியிருந்தேன். செல்வி திருத்தியதில் அவள் தோழி ரிஸ்வானா ஃபெயில்.

மறுநாள் முதல் பீரியடிலேயே ரிஸ்வானாவின் அம்மா வாசலில் நின்றார். பெற்ற அத்தா துபாயில் வேர்வை சிந்துவது இன்னொரு பிள்ளை கையால் ஃபெயில் வாங்கவா, டீச்சர் எதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று கேட்டார். செல்வி எழுந்து நின்று அழத் தொடங்கினாள். நான் தாளை வாங்கி வரிவரியாகப் பார்த்தேன். ஒரு இடத்திலும் செல்வி தப்பாகத் திருத்தவில்லை. அதைச் சொன்னால் அந்த அம்மாவுக்கு இன்னும் அவமானம். சொல்லாவிட்டால் செல்விக்கு அநியாயம். வாயைத் திறப்பதற்குள் ரிஸ்வானா எழுந்தாள்.

“தப்புன்னு போட்டதுதாம்மா செல்வி. தப்பா எழுதுனது நான்தான்.”

செய்முறைத் தேர்வு

பதவி உயர்வில் பன்னிரண்டாம் வகுப்பு வேதியியலுக்கு வந்தேன். பொதுத்தேர்வுச் செய்முறை. வெளிப்பள்ளியிலிருந்து தேர்வாளர் வந்திருந்தார். ஆலத்தியூர்ப் பையன் கார்த்திக்குக் கொடுத்த உப்பு என்னவென்று அவன் கண்டுபிடிக்க வேண்டும். அவசரத்தில் அமிலத்தைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டான். டெஸ்ட் டியூப் பொங்கிக் கண்ணில் தெறித்தது.

அவன் தலையை இழுத்துக் குழாயடியில் பிடித்தேன். இமையை விரலால் பிரித்துப் பிடிக்க, தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. கண் போய்விட்டால் அவன் அப்பன் ஆத்தாள் முகத்தில் எப்படி விழிப்பேன்? அது ஒன்றுதான் மனதில் ஓடியது. தேர்வாளர் தன் காரிலேயே எங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைத்தார். அவன் மேசையை யாரும் தொடக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

டாக்டர் டார்ச் அடித்து இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார் என்றார். உடனே கழுவியதால் பார்வைக்கு ஒன்றும் இல்லை என்று அவர் சொன்ன பிறகுதான் நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். கார்த்தி சிவந்த கண்ணோடு என் பக்கம் குனிந்தான்.

“நுரை பொங்குனதாலதானே டீச்சர் தெறிச்சுச்சு? அப்ப அது கார்பனேட்தான். போய் எழுதிடவா?”

பாடத்தின் நடுவில் வைக்கும் வளரறி, பருவ முடிவில் வைக்கும் தொகுத்தறி என்று எந்தப் பெயரில் வைத்தாலும் பிள்ளைகள் எழுதுவது ஒரு பரீட்சை, அதே நேரத்தில் நாம் நின்றபடி எழுதுவது இன்னொன்று, அதற்குத்தான் மார்க் போட ஆளே கிடையாது.