துண்டில் பிழிந்த மழை

வித்துராவுக்கு மேலே மலையிலிருந்த நீர்த்தேக்கத்தின் காவல்காரர், மாசி மாதத்தில் தினமும் மழை பெய்ததாகக் கார்டில் எழுதியனுப்பினார். திருவனந்தபுரத்தில் மழையளவு பதியும் குமாஸ்தாவான நான் விசாரிக்கப் போனேன்.

தலையில் கம்பளி சுற்றிய ஒல்லி மனிதர். தேக்கத்துத் தண்ணீரே தெரியாத மூடுபனியில், ராத்திரி முழுக்க வெளியே கிடந்த துண்டை எடுத்து, மழை அளக்கும் கண்ணாடிக்குள் பிழிந்தார்.

“இது மழையா ஓய்?”

“மஞ்சாக்கும், சாரே. ராத்திரி விழுந்த பனி.”

“பின்னே ஏன் மழைன்னு எழுதறீர்?”

“தை மாசம் முழுக்க சைபர் எழுதினேன். ஒருத்தரும் வரல்லே. மழைன்னு எழுதினேன், சார் வந்தாச்சே.”

சிரித்துக்கொண்டே பாலில்லாத கட்டன்காப்பி நீட்டினார். குடித்துவிட்டு, இனி உள்ளதை எழுதும்படி கண்டித்து இறங்கினேன்.

மறுநாள் முதல் சைபர்தான் வந்தது. எதிலும் பிழையில்லை. அதனால் நான் மறுபடி அந்த மலைக்குப் போகவேயில்லை.