திறந்து வைத்த பாட்டில்

தென்துருவக் கப்பலில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. லண்டன் ஆய்வகத்தில் ஏழு வருடம் குப்பை கொட்டிய என்னை விட்டுவிட்டு, நேற்று வந்த ஆரணிக்குக் கொடுத்தார்கள். வெம்பிளியில் வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண் அவள். அவள் அனுப்பிய பனிமலைப் படங்களுக்கெல்லாம் வயிறு எரிய எரிய இதயக்குறி போட்டேன்.

அவள் பிடித்துவந்த கடல்நீரில் கார்பன் டை ஆக்சைடை அளப்பது என் வேலை. பாட்டிலைத் திறந்ததும் அளந்துவிட வேண்டும்; இல்லையென்றால் வாயு வெளியேறி அளவு கெட்டுவிடும். பனி விளிம்பில் எடுத்த ஒரே பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன். மறந்துபோய் அல்ல.

அளவு கோணலாக வந்தது. ஆரணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் முகம் வாடிவிட்டது.

"என்ர பிழைதான் அக்கா. அண்டைக்குக் கப்பல் சரியான ஆட்டம். கை விறைச்சு, போத்தலுக்குள்ள காத்து விட்டிட்டன் போல."

"பரவாயில்ல, விடு" என்றேன்.

மறுநாள் அவளே எங்கள் ஆய்வுத் தலைவரிடம் போய், அடுத்த பயணத்துக்கு நிதானமான கை வேண்டும், அக்காவை அனுப்புங்கள் என்று சொல்லியிருக்கிறாள்.

வரும் மாதம் கிளம்புகிறேன். குளிருக்குத் தன் கையுறையையும் கொடுத்திருக்கிறாள். அவள்மேல் பொறாமைப்பட இனி எனக்கு ஒன்றுமில்லை. அவளிடம் சொல்ல வேண்டியதுதான் ஒன்று இருக்கிறது. இன்னும் சொல்லவில்லை.