பெட்டி இல்லாமல் வந்தவன்

கோட்டக்குப்பத்தில் ஒருவன் வெளிநாட்டிலிருந்து திரும்பினால், அவன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டி, கைப்பிடி பிய்ந்த சூட்கேஸ், தோளில் கம்பளி என்று வந்தால் ஆள் நன்றாக இருக்கிறான். பெட்டியே இல்லாமல் வந்தால் முதலாளி ஏமாற்றிவிட்டான், இல்லையென்றால் போலீஸ் பிடித்து விமானம் ஏற்றிவிட்டது. மூன்றாவது காரணம் ஒன்று இருக்க முடியும் என்று எங்கள் ஊருக்குத் தோன்றியதில்லை. அந்த மூன்றாவது காரணம் நான்.

சென்னையில் கண்ணாடிக் கட்டடத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, ஒரு வருடம் உலகம் சுற்றப் போனேன். ஊரில் "வெளிநாடு போறேன்" என்று மட்டும் சொன்னேன். வேலைக்குத்தான் என்று அவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். வேலை தேடிக் கடல் தாண்டுகிறவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கும் ஊரில், கையில் இருந்த வேலையைக் கீழே போட்டுவிட்டுக் கடல் தாண்டுகிறவனுக்குப் பெயரே கிடையாது.

திரும்பி வந்தபோது முதுகில் ஒரே ஒரு பை. வியட்நாமில் வாடகை பைக்கிலிருந்து விழுந்ததில் புருவத்துக்கு மேல் தையல். ஜார்ஜியாவில் தங்கிய விடுதியில் கிடைத்த பேன்களின் தயவில் மொட்டைத் தலை. கறி ஹலாலா என்று கேட்கப் பாஷை தெரியாமல், பல ஊர்களில் முட்டையும் வாழைப்பழமும் தின்றே வற்றிய உடம்பு. பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடை பாய் எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அல்லா உசுரோட கொண்டாந்து சேத்தான் தம்பி. காசெல்லாம் வேணாம், குடிங்க."

இலவச டீயை மறுக்கும் வழக்கம் எங்கள் வம்சத்தில் இல்லை. குடித்தேன். சாயங்கால அஸர் தொழுகைக்குள் நான் எந்த நாட்டு ஜெயிலில் இருந்தேன் என்பதற்கு ஊரில் மூன்று தகவல்கள் இருந்தன. அக்கம்பக்கத்தில் ஆட்டுக்கால் சூப் வைத்து அனுப்பினார்கள். உண்மையைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். "பாவம், வெக்கப்படுறான்" என்று இன்னொரு கிண்ணம் சூப் வந்தது. நானும் சிரித்துக்கொண்டே குடித்தேன்.

அந்தச் சிரிப்பு தங்கச்சியின் விஷயத்தில் நின்றது. அவளுக்கு நிக்காஹ் பேசி முடித்திருந்தது. மாப்பிள்ளைக்குத் துபாயில் வேலை. மாப்பிள்ளையைப் பெற்ற அத்தா மரக்காணத்தில் உப்பளம் குத்தகைக்கு எடுத்து வியாபாரம் செய்கிறவர். நான் வந்த சேதி அங்கே போனதிலிருந்து மாப்பிள்ளையின் போன் வரவில்லை. தங்கச்சி குளிக்கப் போகும்போதும் போனைக் கையில் எடுத்துக்கொண்டு போனாள். அம்மா சாப்பாட்டை விட்டார். எங்கள் அத்தா உயிரோடு இல்லை. வீட்டுக்கு ஆம்பளை என்று மிச்சமிருந்தது இந்த மொட்டைத் தலைதான்.

மரக்காணம் போனேன். உச்சி வெயிலில் உப்பளத்தைப் பார்த்தால் கண் தானாக மூடிக்கொள்ளும். பாத்திகளில் ஆட்கள் உப்பை வாரி வரப்போரம் குவித்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தா குடையோடு வரப்பில் நின்றிருந்தார்.

"வாங்க தம்பி. உடம்பு தேறிச்சா?"

"எனக்கு ஒண்ணுமில்லீங்க மாமா. நான் ஜெயிலுக்கெல்லாம் போகல. ஊர் சுத்திப் பாக்கப் போனேன்." போனில் இருந்த படங்களைக் காட்டினேன். குடையைத் தாழ்த்தி, நிழல் பிடித்து, ஒன்று விடாமல் பார்த்தார்.

"எல்லாத்துலயும் நீங்க மட்டுந்தான் இருக்கீங்க."

"தனியாத்தான் போனேன்."

"சென்னைக் கம்பெனியில வெளிய அனுப்பிட்டாங்களா?"

"இல்லீங்க. நானா எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன்."

"நீங்களா," என்றார். அதுவரை அவர் முகத்தில் இருந்த இரக்கம் வடிந்துவிட்டது. "ஏமாந்தவன் வீட்ல பொண்ணு எடுக்கலாம் தம்பி. நானே குவைத்துல ஏமாந்து வந்தவன்தான். கையில இருக்கிற வேலைய ஒருத்தன் தானா விடுறான்னா எனக்குப் புரியலயே. நாளைக்கு எம்புள்ளைக்கும் சொல்லிக் குடுக்க மாட்டீங்கன்னு என்ன நிச்சயம்?"

இந்த மாதிரி இடங்களில் எனக்கு எப்போதும் ஒரு ஜோக் வரும். அன்று வரவில்லை.

"அங்கயே இருந்திருந்தா நான் உசுரோட இருந்திருக்க மாட்டேன் மாமா," என்றேன்.

காலையில் ஆபீஸ் வாசலில் காரை நிறுத்திவிட்டு இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். ஒருநாள் மொட்டைமாடிக்குப் போய், எவ்வளவு உயரம் என்று எட்டிப் பார்த்ததைச் சொன்னேன். மறுநாளே எழுதிக் கொடுத்ததைச் சொன்னேன். எத்தனை நாடு போனாலும் அந்த மாடியும் பையிலேயே வந்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்லி முடித்ததும் பழக்கதோஷத்தில் லேசாகச் சிரித்துவேறு வைத்தேன்.

அவர் குடையை மடக்கிவிட்டு, ஆட்களுக்குக் கேட்காத தூரத்துக்கு என்னைத் தள்ளிக் கூட்டிப் போனார்.

"இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"அம்மாகிட்டகூட சொல்லல."

"சொல்லாதீங்க. முதலாளி பாஸ்போர்ட்டைப் புடுங்கி வச்சுக்கிட்டான், கஷ்டப்பட்டுத் திரும்பி வந்தீங்க. பள்ளிவாசல்ல கேட்டா நானும் அதையேதான் சொல்லுவேன். சனங்களுக்கு அது புரியும்."

என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நானாகச் செய்த காரியம் வேலையை விட்டது ஒன்றுதான். அதை இல்லை என்று சொல்ல வேண்டும், சாகிறவரைக்கும்.

"நிக்காஹ்?" என்று கேட்டேன்.

"நடக்கும். உங்களுக்கு முடி வளரட்டும். போட்டோல நல்லாருக்காது."

சரி என்று தலையாட்டினேன். நிக்காஹ் நடக்கும் என்பதையும் பாஸ்போர்ட் கதையையும் வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா அழுதுகொண்டே தொழப் போனார். கொஞ்ச நேரத்தில் தங்கச்சியின் போன் அடித்தது; மாப்பிள்ளைதான். எடுக்காமல் அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, எந்த நாடுன்னு முதல்ல முடிவு பண்ணு. ஆளுக்கு ஒண்ணா சொல்லி வைக்காத."

"நீயே சொல்லு."

"ஓமன்னு வச்சுக்க. அங்க நம்மாளுங்க கம்மி. அப்புறம் யார் கண்ணுலயாவது படுறதுக்குள்ள போன்ல வச்சிருக்கிற போட்டோ எல்லாத்தையும் அழிச்சிடு. பாஸ்போர்ட்டைப் பறிகுடுத்தவன் எவனாவது ஒட்டகத்து மேல ஏறிப் பல்லைக் காட்டுவானா?"

போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் ஒட்டகத்திலிருந்து அழிக்க ஆரம்பித்தேன்.