பூட்டு கிடைத்த பிறகு

ஹேமாங்கி சப்னிஸின் வலது முழங்காலில் குருத்தெலும்பு என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. எலும்போடு எலும்பு உரசியது. பானேரில் இருந்த அலுவலகத்துக்கு மாடி ஏறி வந்ததும், கவிழ்த்து வைத்த குப்பைக்கூடையின் மேல் காலை நீட்டிக்கொண்டுதான் கணினியைத் திறப்பாள். அந்தக் கூடையில் யாரும் குப்பை போடுவதில்லை. மூட்டு மாற்று அறுவைக்கு இரண்டு முறை தேதி குறித்து, இரண்டு முறையும் அவளே தள்ளிப்போட்டாள். மருத்துவர் திட்டவில்லை. இனியும் தள்ளினால் தொடைத் தசை வற்றிவிடும், அப்புறம் புது மூட்டு வைத்தாலும் நடக்கப் பழகுவது பெரும்பாடு என்று மட்டும் சொன்னார்.

தள்ளிப்போட வைத்தது வேலை. நிறுவனம் சொந்தமாக ஒரு டேட்டாபேஸ் செய்து மருத்துவமனைகளுக்கும் சர்க்கரை ஆலைகளுக்கும் விற்றது. அதன் உள்ளே ஒரு பழைய கோளாறு இருந்தது. டேட்டாபேஸுக்குள் எல்லாம் தனித்தனி அறைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கும். ஒருவர் ஓர் அறைக்குள் புதிதாக ஒன்றை வைக்கிறார். அதே நேரத்தில் இன்னொருவர், அறை காலியாகக் கிடக்கிறதே என்று அறையையே இடிக்கிறார். வேலையை முடித்தேன் என்று சொல்லும்வரை ஒருவர் செய்வது மற்றவர் கண்ணில் படாது. இருவரும் முடித்த பிறகு பார்த்தால் பொருள் இருக்கும், அது இருந்த அறை இருக்காது. அன்றாட வேலை அதனால் நிற்காது. புதுப் பதிப்புக்கு மாறும்போதுதான், இந்தப் பொருள் எந்த அறையைச் சேர்ந்தது என்று கேட்டுவிட்டு டேட்டாபேஸ் அப்படியே உட்கார்ந்துவிடும்.

உட்கார்ந்தால் ஹேமாங்கியைக் கூப்பிடுவார்கள். அவள் உள்ளே நுழைந்து, அநாதையாகக் கிடப்பதைத் தேடிப் பிடித்துக் கையாலேயே துடைத்துவிடுவாள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். வேறு யாருக்கும் அது வராது.

நிரந்தரத் தீர்வையும் அவளே எழுதி வைத்திருந்தாள். பொருளை வைக்கிறவர் முதலில் அறையின் மேல் ஒரு பூட்டுப் போடவேண்டும். இடிக்க வருகிறவர் அந்தப் பூட்டு விலகும்வரை காத்திருக்கவேண்டும். அதை உள்ளே சேர்க்கும் அதிகாரம் ஸ்ரீரங்க் காட்கிலிடம் இருந்தது. இருபது வருடமாகப் பக்கத்து மேசைக்காரர். இத்தனை பூட்டுப் போட்டால் எல்லாம் ஊர்ந்து போகும், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று ஒவ்வொரு முறையும் ஒதுக்கினார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் அவசரப்படாததற்கு வேறு காரணமும் இருந்தது. அது ஹேமாங்கிக்கு வெகு தாமதமாகத்தான் உறைத்தது. அவள் துடைக்கிற வேகத்தில் வேறு யாருக்கும் வலிக்கவே இல்லை.

அறுவைக்குக் குறித்த மூன்றாவது தேதி, புதுப் பதிப்பு வெளியாகும் வாரத்தில் விழுந்தது. பதிப்பு வந்ததும் வாடிக்கையாளர் எல்லாரும் அதற்கு மாறுவார்கள். பழைய அழுக்கைச் சோதித்துத் துடைத்து வைத்துவிடலாம். புதிதாகச் சேர்வதைத் தடுக்கத் தீர்வு உள்ளே போயாகவேண்டும். போகாவிட்டால் இந்த முறையும் அவள் கட்டிலில் படுக்க முடியாது.

"ஆபீஸ்ல எல்லாருக்கும் நீ வேணும். உன் காலுக்கு மட்டும் நீ வேணாம்," என்றார் கணவர் மாதவ், பாக்ரி ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் டப்பாவில் அடைத்துக்கொண்டே. அவள் டப்பாவை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்று கோலாப்பூர் மருத்துவமனையில் கணினி பார்த்துக்கொள்ளும் சுபோத் மக்தூம் கூப்பிட்டான். புதுப் பதிப்பை ஒத்திகை பார்த்தார்களாம், மறுபடியும் அதே இடத்தில் நின்றுவிட்டதாம், கொஞ்சம் துடைத்துவிடச் சொன்னான். ஹேமாங்கி பழக்கத்தில் விசைப்பலகைமேல் கையை வைத்துவிட்டாள். பிறகு எடுத்துவிட்டாள். காட்கில் சார் பார்ப்பார் என்று சொல்லித் தொலைபேசியை அவருக்குத் திருப்பினாள்.

காட்கில் எழுந்து வந்தார்.

"என்ன சப்னிஸ் மேடம், வேலை நிறுத்தமா?"

"இல்ல. நான் கட்டில்ல கிடக்கும்போது யார் செய்வாங்கன்னு பாக்கணும். நகல் எடுத்து அதுல செய்ங்க. ஆஸ்பத்திரி சமாச்சாரம், நேரா கை வைக்காதீங்க."

அவர் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். சாப்பாட்டு வேளையில் சிரிப்பு இல்லை. அநாதையாகக் கிடந்த பொருளைத் துடைத்தார். அதை நம்பியிருந்த வேறொன்று அறுந்தது. அதைச் சரிசெய்யப் போக இன்னொன்று அறுந்தது. நகலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்தார். ஹேமாங்கி பிட்லாவைத் தொட்டுச் சாப்பிட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காததைச் சொல்லவில்லை. சாயங்காலம் ஒருவழியாக முடித்து நிமிர்ந்தபோது அவர் கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது.

"இதையா டீ குடிக்கிற நேரத்துல செஞ்சுட்டு இருந்தீங்க?"

"ஆமா. அதான் நான் செஞ்ச தப்பு."

மறுநாள் காலையில் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டுச் சோதனைக்கு உட்கார்ந்தார். அந்த அலுவலகத்தில் பூட்டுச் சோதனைக்கு ஒரு முறை இருந்தது. தானாக ஓடும் சோதனைகள் ஆயிரம் இருந்தாலும் காட்கில் நம்பியது இதைத்தான். இரண்டு பேர், இரண்டு கணினி, முதுகோடு முதுகு. ஒருவர் ஓர் அடி வைத்தபின்தான் மற்றவர் வைக்கவேண்டும். திரை காத்திருந்தால் "நிக்குது." வேலையை முடித்தால் "முடிச்சேன்." வேறு பேச்சுக் கிடையாது.

ஹேமாங்கி ஓர் அறைக்குள் பொருளை வைத்தாள், முடிக்கவில்லை. காட்கில் அறையை இடித்தார்.

"நிக்குது."

"முடிச்சேன்," என்றாள் இவள். உள்ளே பொருள் இருக்கிறது, இடிக்க முடியாது என்று அவர் திரை மறுத்தது. எதிர்பார்த்தபடியே.

"இப்ப நான் முதல்ல," என்றார் காட்கில்.

அவர் இடித்தார், முடிக்கவில்லை. இவள் பொருளை வைத்தாள்.

"நிக்குது."

"முடிச்சேன்."

ஹேமாங்கியின் திரை அசைந்தது. பொருள் வைக்கப்பட்டது என்று நல்ல பிள்ளையாகச் சொன்னது. அறை இல்லை. பொருள் இருந்தது.

அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய நிரல் வாசலில் ஒழுங்காக நின்றது, பூட்டு கைக்கு வரும்வரை பொறுத்தது, வந்ததும் பொருளை வைத்துவிட்டது. காத்திருந்த நேரத்தில் அறை போய்விட்டதா என்று திரும்பிப் பார்க்கவில்லை. இத்தனை வருடம் சோதித்தபோதெல்லாம் வைக்கிற பக்கம் அவள்தான் உட்கார்ந்திருந்தாள், அவள்தான் முதலில் அழுத்தினாள். இந்தத் திசையில் யாரும் வந்ததே இல்லை.

"நல்லவேளை, இத்தனை நாள் உள்ள விடாம வெச்சிருந்தேன்," என்றார் காட்கில்.

"முதல் தடவையே இப்படி வந்து உக்காந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

அவர் எழுந்து போய் இரண்டு டீ வாங்கி வந்தார்.

திருத்தம் சில வரிதான். பூட்டு கிடைத்ததும் அறை இன்னும் இருக்கிறதா என்று மறுபடி பார். இல்லையென்றால் இல்லையென்று சொல்லி நிறுத்து. வேகத்துக்கான வழியைக் காட்கில் எழுதினார். டேட்டாபேஸோடு பிறந்த பொருள்களை யாராலும் இடிக்க முடியாது. அவற்றுக்குப் பூட்டு எதற்கு? அவற்றை விட்டதும் பாதிப் பாரம் இறங்கியது. மறுபடி முதுகோடு முதுகு உட்கார்ந்தார்கள். நிக்குது. முடிச்சேன். இந்த முறை அவள் திரையில், அப்படி ஓர் அறை இல்லை என்று வந்தது. காட்கில் எட்டிப் பார்த்துவிட்டு, புதுப் பதிப்பில் மாற்றம் சேர்க்கும் கெடு முடிவதற்கு முன் தானே அதை உள்ளே சேர்த்தார்.

புது முழங்காலோடு கோத்ரூட் வீட்டுக்கு வந்த வாரத்தில், பயிற்சி கொடுக்கும் பெண் கட்டிலோரம் நின்று கணுக்காலைப் பிடித்திருந்தபோது தொலைபேசி அடித்தது. சுபோத் மக்தூம்.

"மேடம், புது வெர்ஷன்ல ஒரு பிரச்சினை. முன்னெல்லாம் பேசாம வேலை செஞ்சுது. இப்ப ஸ்கீமா இல்லைன்னு நடுவுல நின்னு திட்டுது."

அவர்கள் பேச்சில் ஸ்கீமா என்பதுதான் அந்த அறை.

"அதே நேரத்துல யாராவது அதை எடுத்தாங்களா?"

எதிர்முனையில் யாரையோ விசாரிக்கும் சத்தம். "ஆமா மேடம். பழசை ஒழிக்கிறேன்னு இங்க ஒருத்தர் எடுத்திருக்கார்."

"அப்ப சரியாத்தான் திட்டுது. வேணும்னா திரும்ப உண்டாக்கிட்டு மறுபடி போடுங்க."

"நீங்க உள்ள வந்து பாக்க வேணாமா?"

"பாக்க அங்க ஒண்ணும் இல்ல, சுபோத்."

தொலைபேசியை மாதவிடம் கொடுத்துவிட்டு, மடக்கு என்றாள் அந்தப் பெண்ணிடம். மடக்கினாள். நன்றாகவே வலித்தது. எலும்பு உரசவில்லை.